சாரலுக்குத் தாரேன்

1

இன்றைக்குச் சாயங்காலம் கொழும்பில் மழை பிடித்துக்கொண்டது. புறக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். டிராம் வண்டி தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போனது. ரிக்‌ஷாக்காரர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் என் வலது கையைக் குனிந்து பார்த்தேன். அது சட்டைப் பைக்குள் போகவில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்கலாம். குற்றாலத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள்.

நம்மூரில் வருஷத்துக்கு மூன்று மாதம்தான் வருமானம். ஆனியில் சாரல் தொடங்கினால் ஆவணி வரைக்கும் ஜமீன்தார்களும் மதுரை வியாபாரிகளும் துரைமார்களும் வந்து பங்களாக்களை நிறைப்பார்கள். எண்ணெய் தேய்க்கிறவருக்கும் வண்டிக்காரருக்கும் பலகாரக் கடைக்கும் அப்போதுதான் காசு. மற்ற மாதங்களில் ஊரே கடனில் சாப்பிடும். அரிசிக் கடையில், துணிக் கடையில், ஏன், பல் பிடுங்குகிற வைத்தியரிடம்கூட ஒரே பேச்சுத்தான்: "சாரலுக்குத் தாரேன்." யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். போன வருஷமும் இதையே சொன்ன ஆளாக இருந்தால் மட்டும், "எந்தச் சாரலுக்கு வே?" என்று ஒரு கேள்வி வரும்.

அதனால் முதல் தூறல் விழுந்த அன்றைக்கே, ஒருத்தர் கைக்கும் ஒரு காசும் வராதபோதே, ஊருக்குப் பணக்காரக் களை வந்துவிடும். பழைய கடன் அடைவதற்கு முன்னால் புதுக் கடன் கிளம்பும். அல்வா விற்கும். வளையல் விற்கும். நான் அந்த ஊரில் வளர்ந்தவன். மழை வாசனை மூக்கில் ஏறினால் துட்டு வந்துவிட்டது என்று என் கை நினைத்துக்கொள்ளும்.

கொழும்பில் எனக்கு மாதச் சம்பளம். மழை பெய்தாலும் அதே சம்பளம், வெயில் அடித்தாலும் அதே சம்பளம். இது என் தலைக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று.

2

பெயர் மாடசாமி. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அதிலும் பாதிதான். மலையில் இருந்து, பட்டால் அரித்துத் தள்ளும் செந்தட்டி இலை பறித்து வந்து வாத்தியார் நாற்காலியில் பரப்பியது யார் என்று விசாரணை நடந்தது. விசாரணை முடிந்ததும் படிப்பும் முடிந்தது.

என்னைப் பெற்ற ஐயா குற்றாலத்துப் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்க்கிறவர். அவர் தேய்த்துவிட்டால் கிழவர்கள்கூடக் குளித்து எழுந்து கல்யாணம் விசாரிப்பார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நான் கொழும்புக்குக் கிளம்புவதற்காக அவர் ஒரு பங்களாக்காரரிடம் முன்பணம் வாங்கினார். ரயிலுக்கு, கப்பலுக்கு, கடை முதலாளி முன்னால் போய் நிற்க இரண்டு நல்ல சட்டைக்கு. தொகையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நம்மூர்க்காரர்கள் கதையை விட்டுவிட்டு வட்டிக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பேச்சு இதுதான். முன்பணத்தை மொத்தமாகத் திருப்பி வைக்கிற வரைக்கும் சாரலுக்குச் சாரல் ஐயா அந்தப் பங்களாவில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் எண்ணெய் தேய்க்க வேண்டும். கிடைக்கிற கூலியில் பாதி பங்களாக்காரருக்கு. அந்தப் பாதி வட்டிக்கு. முதல் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஐயா ஜன்னல் பக்கம் வந்தார்.

"ஏலே, அடுத்த சாரலுக்குள்ள அனுப்பிருவியால?"

"அதுக்கு முந்தியே அனுப்புதேன் ஐயா. பணம் வந்த அன்னைக்கு எவனாவது ஜமீன்தார் தலையில எண்ணெய வச்சிருப்பீங்க. அப்படியே பாதியில விட்டுட்டு எந்திச்சு வந்திருங்க."

ஐயா சிரித்தார். "பாதித் தலையோட அவன் என் பின்னாலயே வருவாம்லே" என்றார்.

இலங்கைக்குக் கப்பலேறுகிறவர்களைப் பரிசோதிக்கிற மண்டபம் கேம்பில் சில நாள் போட்டு வைத்திருந்தார்கள். கையில் அம்மை குத்தினார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு அதிகாரி, "கடன் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கடன்பட்டு ஓடுகிறவனா என்று பார்க்கத்தான் கேட்டிருப்பார். நான், "உண்டு ஐயா, அதுக்காகத்தான் போறேன்" என்றேன். அவர் எதுவும் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

3

கடைக்கு மேலே மாடியில் நாங்கள் படுத்துக்கொள்வோம். சாப்பாடு கடையிலேயே. எனக்குப் பக்கத்துப் பாய் பக்கீருடையது. தென்காசி நெசவுக்காரர் வீட்டுப் பையன். எனக்கு ஒரு வயது மூத்தவன், என்னைவிட நாலு மடங்கு கஞ்சன். சம்பளம் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு மிச்சத்தை எங்கே வைக்கிறான் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்திருக்கிறேன்.

சிங்களத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் "கீயத". என்ன விலை என்று அர்த்தம். "எபா" என்றும் ஒரு சொல் உண்டு. வேண்டாம் என்று அர்த்தம். அது வாயில் படிய நாளாயிற்று.

நான் கொழும்புக்கு வந்த முதல் வைகாசியில் மழை இறங்கியது. கடலில் இருந்து காற்று ஏறி வந்தது. குற்றாலத்துக்குப் போக வேண்டிய மேகம் போகிற வழியில் கொழும்பில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். எனக்கு அது சாரலாகவே பட்டது. அன்று மத்தியானம் எதிர்க் கடைக்குப் போய் ஒரு குடை வாங்கி வந்தேன். பாதிக் காசு ரொக்கம், பாதி பற்று.

"ஏலே மாடா, இது என்னது?" என்றான் பக்கீர்.

"குடை."

"குடைன்னு தெரியுது. கைப்பிடி என்னலே வெள்ளியில மின்னுது?"

"நாய்த் தலை. துரைமாரு பிடிக்கது."

"துரைக்கு நாய் இருக்கு. உனக்கு என்னலே இருக்கு?"

"குடை இருக்குல்லா."

"கோட்டிக்காரப் பயலே, இந்தத் துட்டு உங்கய்யாவுக்குப் போக வேண்டியதுலே."

"சாரலுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு" என்றேன். அந்தச் சாரலுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை.

கொழும்பில் ஒரு மழை போதாதென்று ஐப்பசியில் இன்னொரு மழை. அதற்கு ஒரு ஜோடி பூட்ஸ். நடுவில் வேண்டாத நேரத்திலெல்லாம் தூறும். அதற்கு சென்ட் பாட்டில், பட்டுக் கைக்குட்டை, பயாஸ்கோப். இதில் சிரிப்பு என்னவென்றால், வாங்க வைப்பதுதான் என் தொழில். கடைக்கு வருகிற அம்மாவிடம் ஒரு சேலையை விரித்துக் காட்டி, அவர் பார்க்கிறபோதே அதை மடித்து உள்ளே வைக்கப் போவேன். "இது வேற ஒரு அம்மா கேட்டிருக்காங்க" என்பேன். உடனே அவருக்கு அதுதான் வேண்டும். எதிர்க் கடைக்காரனும் எனக்கு அதைத்தான் செய்தான். எனக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினேன்.

இரண்டாம் வைகாசிக்குக் கைக்கடிகாரம். எங்கள் கடையைத் திறப்பதும் அடைப்பதும் முதலாளி இஷ்டம். அதனால் கடிகாரத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. அதை வாங்கத்தான் கானிடம் கடன் வாங்கினேன். காபூல் பக்கத்து ஆள், ஆறடி உயரம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் கான்தான். சம்பளத்தன்று தெருமுனையில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார். யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. தடி சும்மா நிற்கும், நாங்களாகவே போய்க் கொடுப்போம். வட்டியைச் சிரித்துக்கொண்டே வாங்குவார். முதலைக் கேட்கவே மாட்டார். முதலைத் திருப்பிக் கொடுக்கிறவனைக் கண்டால்தான் அவருக்கு வருத்தம்.

அந்தச் சாரலுக்கும் ஐயாவுக்குப் பணம் போகவில்லை.

4

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணாசலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அச்சன்புதூர்க்காரர். குடும்பத்தோடு கொழும்பில் இருக்கிறார். ஊருக்குப் போய், பண்பொழித் திருமலைக்கோவிலில் நேர்ச்சையை முடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். திருநீறும் அதிரசமும் கொடுத்தார்.

"உங்கய்யாவப் பாத்தேம்டே."

"எப்படி இருக்காரு அண்ணாச்சி? என்னைய ஏசினாரா?"

"ஏசல. வலது தோளு மேல எழும்ப மாட்டேங்கு அவருக்கு. சோத்த இடது கையால அள்ளித் திங்காரு. போன சாரல் பூராவும் ஒத்தக் கையாலதான் தேய்ச்சிருக்காரு."

"ஒத்தக் கையால எப்படித் தேய்க்க முடியும்?"

"முழங்கைய வச்சு அமுக்கித் தேய்க்காரு. வந்தவன் ஒருத்தன் வலிக்குன்னு கத்தி, காசு குடுக்காமப் போயிட்டானாம். ஊரு உலகத்துத் தோளயெல்லாம் உருவி விட்டவரு. அவரு தோள உருவ ஒரு ஆளு இல்ல."

"பங்களாக்காரர் விட மாட்டேங்காராக்கும்?"

"முன்பணத்த வச்சா விட்டுருவாரு. நல்ல மனுசந்தான். வைக்கத்தான் ஆளக் காணோம்" என்றார் அண்ணாச்சி. அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிரசத்தைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த சாரலும் தேய்ச்சாருன்னா அந்தக் கை அம்புட்டுத்தாம்டே."

அண்ணாச்சியின் சின்ன மகள் என் பூட்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்தது கொழும்பு. தெருவில் சிங்களம்தான் பேசுவாள். எங்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் விளங்கும்.

"மாமா, சாரல்னா என்ன?"

"சாரல்னா கடன் அடைக்கிற மாசம் தாயி."

"மழை இல்லியா?"

"மழையும் பெய்யும்" என்றேன். அண்ணாச்சி மனைவி அடுக்களையில் சிரித்தார்.

திரும்பி நடந்து வரும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வருத்தம் எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்த காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. கால் இருக்கிறது. கிள்ளுவது தெரியவில்லை.

5

மறுநாள் பக்கீரிடம் சம்பளப் பணத்தைக் கொடுத்தேன்.

"என்னலே இது?"

"வச்சுக்கிடு. நான் கேட்டாலும் தராத."

"அழுது கேட்டா?"

"அழுதாலும் தராத."

"உன்னைய அழ வச்சுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைலே" என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

அவன் சொன்னதிலும் செய்ததிலும் இரண்டு விஷயம்தான் உருப்படியானவை. முதலில் கான் கடனை முடி, அதுதான் வளருகிற கடன் என்றான். பங்களாக்காரர் கடன் உட்கார்ந்திருக்கும், கான் கடன் நடந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, குடையை அவன் எடுத்துப் பெட்டிக்குள் பூட்டிவிட்டான்.

"மழை பெய்யும்போது உனக்கு ஏதாவது வாங்கணும்னு தோணும்லா? நனைஞ்சுக்கிட்டே போய் வாங்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் சிரித்தேன். குற்றாலத்துக்காரனையா நனையச் சொல்லிப் பயமுறுத்துகிறான் என்று. ஆனால் ஒரு நாள் பிற்பகல் நல்ல மழை. எதிர்க் கடையில் புதிதாக ஒரு பேனா வந்திருந்தது. வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். இந்தத் தெருவைக் கடந்தால் வேட்டி சட்டை எல்லாம் நனைந்துபோகும். அப்புறம் நாள் முழுக்க ஈரத்தோடு நின்று சேலை விரிக்க வேண்டும். அந்தப் பேனாவுக்கு அவ்வளவு தகுதி இல்லை. இப்படி ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்தேன். நனைந்துகொண்டு போய் வாங்குகிற அளவுக்கு இந்தக் கொழும்பில் எனக்கு ஒரு பொருளும் தேவையாக இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் சொல்கிறேன், விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதத்தில் ஆசை வருவதே நின்றுபோயிற்று. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. பயாஸ்கோப் கொட்டகை வாசலில் படம் ஒட்டியிருப்பான், பார்ப்பேன், நடப்பேன். பலகாரக் கடை வாசனை வரும், நடப்பேன். கடையில் வழக்கம்போல எல்லோரையும் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். வாய் தன்பாட்டுக்குப் பேசும், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அது பக்கத்துக் கடையில் யாரோ பேசுகிற மாதிரி கேட்கும்.

சித்திரையில் கானுக்கு முதலை முழுசாகக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டார்.

"தம்பி, என் மேல கோபமா?"

"கோபம் இல்ல கான். கடன் முடிஞ்சுது."

"நீ நல்ல ஆள். ஓடிப் போகாத ஆள். இதவிட ரெண்டு மடங்கு தாரேன், வாங்கிக்கோ."

"எபா" என்றேன். அவருக்கும் சிங்களம் தெரியும்.

6

வைகாசி மழை வந்தது. அந்த வருஷம் கொஞ்சம் முந்தியே வந்தது. கொழும்பில் மழை பிடித்தால் இன்னும் கொஞ்ச நாளில் குற்றாலத்தில் சாரல். அதற்குள் முன்பணம் பங்களாக்காரர் கைக்குப் போக வேண்டும். பக்கீர் என் பணத்தை எடுத்துத் தரையில் வைத்து எண்ணினான். பற்றவில்லை. இன்னும் ஒரு மாதச் சம்பளம் வந்தால் சரியாகும். அதற்குள் சாரல் வந்துவிடும். சாரல் தொடங்கிவிட்டால் முன்பணம் போய்ச் சேருகிற வரைக்கும் ஐயா தேய்த்தாக வேண்டும், அந்தத் தோளுக்கு ஒரு மாதமே அதிகம்.

"உன்ட்ட இருக்கதத் தாலே" என்றேன்.

"என் கல்யாணத்துக்கு உள்ளத நேத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். சத்தியமாலே. இல்லாட்டாத் தர மாட்டேனா?"

"அப்ப கான்ட்ட போறேன்."

"போ. ஐயா கைய மீட்டுட்டு உன் கைய அங்கன வச்சுட்டு வா."

மழை ஓட்டில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குக் கானிடம் போக வேண்டும் போல இருந்தது. அது வாங்கும் ஆசைதான், வேறு வேஷத்தில் வந்திருந்தது. பக்கீர் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து நாய்த் தலைக் குடையை வெளியே எடுத்தான்.

"ஏலே, இப்ப மழை பெய்யுதுல்லா?"

"ஆமா."

"மழையில எது விக்கும்?"

முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். குடை விற்க என்றேன். அவர் இவனுக்குப் பைத்தியம் என்று சைகை காட்டிவிட்டுப் போகச் சொன்னார். தெருமுனையில் தாழ்வாரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக் குடை, பூட்ஸ், கடிகாரம், சென்ட் பாட்டிலில் மிச்சம், பட்டுக் கைக்குட்டை எல்லாவற்றையும் பரப்பினேன். தெரிந்த தமிழ், தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் கலந்து கூவினேன்.

"துரைமார் பூட்ஸ்! ஒரு துரை போட்டு ஆறு மாசத்துல லண்டன் போயிட்டாரு! அடுத்தது நீங்கதான்! கடிகாரம் பாருங்க அண்ணாச்சி, உங்க முதலாளிக்கு முந்தி உங்களுக்கு மணி தெரியும்! சென்ட், சென்ட்! வீட்டுக்காரி கேட்டா கோவில் சந்தனம்னு சொல்லிரலாம்!"

கூட்டம் சேர்ந்தது. ஒருவன் பூட்ஸை எடுத்தான். நான் அதை வாங்கி உள்ளே வைக்கப் போனேன். "இது ஒரு கிளார்க்கு கேட்டிருக்காரு" என்றேன். உடனே அவன் நான் கேட்ட விலையைக் கொடுத்தான். கடிகாரம் போயிற்று. கைக்குட்டை போயிற்று. குடை மட்டும் நின்றது. விலையைக் கேட்டு எல்லோரும் நாயின் மூக்கைத் தடவிவிட்டுப் போனார்கள்.

மழை வலுத்தபோது கான் வந்தார். தலைப்பாகையில் இருந்து தண்ணீர் ஒழுகியது. குடையை எடுத்து விரித்தார். அவர் உயரத்துக்கு அது சின்னப் பிள்ளை குடை மாதிரி இருந்தது.

"எவ்வளவு தம்பி?"

சொன்னேன்.

"அடுத்த மாசம் தாரேன்."

கூட்டத்தில் ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கடன் கிடையாது கான். ரொக்கம். வேணும்னா வட்டிக்குத் தாரேன்."

கான் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த ஆறடி உடம்பு குலுங்கச் சிரித்தார். இடுப்புப் பையில் இருந்து எண்ணிக் கையில் வைத்தார். நாய்த் தலையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து போனார்.

கொழும்பு மழையில் எனக்குக் காசு வந்தது அந்த ஒரு நாள்தான். சாரலில் நம்மூர்க்காரர்களுக்கு வருகிற மாதிரி. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. சாக்கை உதறி மடித்தேன்.

7

தபால் ஆபீசில் மணியார்டர் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த பாரத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன ஐசே, குற்றாலத்தை மூண்டு விதமா எழுதியிருக்கிறீர்? எந்தக் குற்றாலத்துக்கு அனுப்புறது?"

"மூணும் ஒரே ஊருதான் சார். தண்ணி விழுதுல்லா, அந்த ஊரு."

"எல்லா ஊரிலையும் தண்ணி விழும். வேறை பாரம் எடுத்து எழுதும்."

எழுதிக்கொண்டு போனேன். இந்த முறை அனுப்புகிறவர் கையெழுத்தும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றார். மூன்றாவது பாரத்தில் தேதி போடும் இடத்தில் தொகையைப் போட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். கடைசியில் அவரே ஒரு பாரத்தை எடுத்தார்.

"சொல்லும், நான் எழுதுறன். பெறுகிறவர் உமக்கு என்ன முறை?"

"ஐயா."

"என்ன தொழில் பாக்கிறார்?"

அந்தப் பாரத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. சும்மா கேட்டார். நான் யோசித்தேன்.

"இந்தப் பணம் போய்ச் சேர்ந்தா ஒண்ணும் பாக்க மாட்டாரு சார்" என்றேன்.

அவர் முத்திரையைக் குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று வருஷமாகச் சுமந்தது இறங்கிவிட்டது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். தோளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

8

பக்கீர் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினான். முகத்தில் ஒரு சுற்றுச் சதை கூடியிருக்கிறது. இன்று மழையில் வியாபாரம் மந்தம். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னான்.

சாரல் தொடங்குவதற்கு முன்பே பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பங்களாக்காரர் முன்பணம் தீர்ந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்படியும் முதல் சாரலன்று விடிந்ததும் ஐயா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அருவிக்கரைக்குப் போயிருக்கிறார். பழக்கம். புது மாப்பிள்ளைக் குளியலுக்காகப் பக்கீரும் அங்கேதான் இருந்திருக்கிறான்.

"பங்களாக்காரர் பாத்துட்டு, நீரு எதுக்கு வே வந்தீரு, உம்ம கணக்குத்தான் முடிஞ்சிட்டேன்னாரு. உங்கய்யா முழிக்காரு. கிண்ணத்த எங்கன வைக்கதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாருலே. அப்புறம் சட்டுனு அந்தக் கல்லு மேல ஏறி உக்காந்துட்டாரு. ஆளுக எண்ணெய்க்கு உக்காருவாங்கல்லா, அந்தக் கல்லு."

"அவரா?"

"அவருதான். இத்தனை வருசத்துல அதுல உக்காந்ததே இல்லயாம். கூட்டாளி ஒருத்தரக் கூப்பிட்டு, ஏ இசக்கி, தேய்ச்சு விடுலேன்னாரு. இசக்கி சிரிக்காரு. என்னண்ணே, ஜமீன் கணக்கா உக்காந்துட்டீரு, உம்மகிட்ட எப்படிக் காசு வாங்க, சாரல் முடியட்டும் பாப்போங்காரு. உங்கய்யாவுக்குக் கோவம் வந்துட்டு. மடியில இருந்து துட்ட எடுத்துக் கல்லுல டப்புன்னு வச்சாரு. இப்பவே வாங்கு, கடன் பேச்சு எங்கிட்ட வேண்டாம்னாரு."

"அப்புறம்?"

"தோள நல்லா உருவி விட்டாரு இசக்கி. உங்கய்யா கண்ண மூடிக்கிட்டுக் கிடந்தாரு. முடிச்சிட்டு, எப்படிண்ணே இருக்குன்னு கேட்டாரு. உங்கய்யா கையத் தூக்கிப் பாக்காரு. காது வரைக்கும் எழும்புது. அதுக்கு மேல எழும்பல." பக்கீர் ஐயா குரலில் சொன்னான்: "நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா இதுக்கா இம்புட்டு வருசம் துட்டு குடுத்தானுவ, கோட்டிக்காரப் பயலுவ?"

நான் சிரித்தேன். எதிரில் சேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"குடைய வித்த கதையச் சொன்னேன்" என்றான் பக்கீர். "விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம், அவன மழையில நனையாம இருக்கச் சொல்லு, ஒரு குடை வாங்கிக்கிடட்டும், அது செலவுல சேராதுன்னாரு."

கடை அடைத்ததும் எதிர்க் கடைக்குப் போனேன். தெருவைக் கடப்பதற்குள் நன்றாக நனைந்துவிட்டேன். கறுப்புத் துணியில், மரக் கைப்பிடி போட்ட சாதாரணக் குடை ஒன்றைக் காட்டச் சொன்னேன்.

"கீயத?"

விலையைச் சொன்னான். அதிகமில்லை. பையில் பணம் இருந்தது.

"எபா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடைக்காரன் குடையை உள்ளே வைக்கப் போனான். பழைய தந்திரம்தான் என்று நினைத்தேன். அவன் நிஜமாகவே வைத்துவிட்டான். நான் அங்கேயே நின்றேன். வேட்டியில் இருந்து தண்ணீர் சொட்டி அவன் தரை நனைந்தது.

"எடும்" என்றேன்.

"இப்பக் காசு வேணாம் தம்பி. பற்றுல எழுதிக்கிறேன். நீ வந்து ரொம்ப நாளாச்சு" என்றான்.

காசை எண்ணி மேஜையில் வைத்தேன். குடையை வாங்கிக்கொண்டு படியில் இறங்கி விரித்தேன். மேலே மழை சத்தம் கேட்டது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை. நனையவில்லை, அவ்வளவுதான்.